கடலோரக் கிளைக்கோயில்: உப்பு பூக்கும் சுவர், ஜூன் 13 திருவிழா, சாமியார் வராத ஞாயிறு. ஆலோசனை தேவை

கேள்வி: தென்கடல்_கிளை

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஒரு சின்ன ஊர். 140 தலைக்கட்டு (குடும்பம்). அந்தோணியார் கோயில், கிளைக்கோயில்தான். பங்குச் சாமியார் பல ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் பூசை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக ஊரில் இருக்கும் வேதியர்) செபமாலை சொல்லி முடித்துவிடுவார். கூட்டமும் பாதிக்குப் பாதிதான்.

இந்த வருடம் ஜூன் 4 கொடியேற்றம், 13 திருவிழா. அதற்குள் செய்ய வேண்டியவை குவிந்து கிடக்கின்றன.

சுவர் பழைய முருகைக்கல் (பவளக்கல்) கட்டு, இரண்டடி கனம். சில வருடங்களுக்கு முன் உள்ளே சிமெண்ட் பூசி, நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது டைல்ஸுக்கு மேலே ஓரடி அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. வாட்டர் புரூஃப் கெமிக்கல் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் காண்ட்ராக்டர். நம்பலாமா?

கொடிக்கம்பம் 30 அடி இரும்புக் குழாய். அடியில் துரு ஏறியிருக்கிறது. திருவிழா அன்று மதியம் 600 பேருக்கு அசனம் (பொது விருந்து). போன முறை பருப்பு வேகவே இல்லை, தண்ணீரும் பத்தவில்லை. காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலை உயிரோட்டமாக வைத்திருக்கவும், வேலைகளைப் பகிர்ந்துகொள்ளவும் வேறு இடங்களில் என்ன முறை இருக்கிறது? இங்கே எல்லாமே உபதேசியாரும் ஊர்த்தலைவரும் என இரண்டு பேர் தலையில்தான் விழுகிறது.

பதில் 1: சுண்ணாம்பு_வேலை

கெமிக்கல் வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தரை ஈரத்தை இழுக்கும், இழுத்ததைக் காற்றில் விட்டுவிடும். அந்தக் காலத்துக் கோயில்கள் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாமலேயே நின்றது அதனால்தான். சிமெண்டும் டைல்ஸும் நாலடி உயரத்துக்கு வாயை அடைத்துவிட்டன. ஈரம் அடைப்பைத் தாண்டி ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்தில் வெளியேறுகிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். வாடைக் காலத்தில் ஈரத்தை வாங்கிக் கரையும், கோடையில் திரும்பவும் படிகமாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடுக்கு போகும். கெமிக்கல் அடித்தால் வெளியேறும் இடம் இன்னும் இரண்டடி மேலே போகும், அவ்வளவுதான். ஜன்னல் நிலைகளை உப்பு தொட்டுவிட்டால் செலவு பல மடங்காகும்.

வேலையை வெளியிலிருந்து தொடங்குங்கள். கோயிலைச் சுற்றி சிமெண்ட் தளமோ பேவர் கல்லோ சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் இரண்டடி அகலத்துக்கு வெட்டி எடுங்கள். உள் தரை மட்டத்துக்கு ஓரடி கீழே வரை மண்ணை எடுத்து 20 எம்.எம். ஜல்லி நிரப்புங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டக் கூடாது. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போக வழி செய்யுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்மேற்குச் சுவர் ஓரமாக மணல் ஏறி நிற்கும். அந்த மணலே உப்பு மூட்டைதான். காற்று அடங்கியதும் ஒவ்வொரு வருடமும் வழித்தெடுக்க வேண்டும்.

பிறகு உள்ளே. டைல்ஸையும் சிமெண்ட் பூச்சையும் உளி, சுத்தியல் வைத்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வைத்தால் அதிர்வில் முருகைக்கல் பொடியும். ஈரக்கோட்டுக்கு மேலே இரண்டடி வரை எடுத்தால்தான் பயன். கல் இடுக்குகளில் இற்றுப்போன சாந்தை ஓரங்குலம் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் கல்லுக்குள்ளேதான் போகும்.

சாந்து: சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ சுட்ட சிப்பியையோ வாங்கித் தொட்டியில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது நான்கு வாரம் ஊறவிடுங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட் பவுடர் காற்றுப் பட்டுச் செத்திருக்கும், பிடிக்காது. நல்ல ஆற்று மணலாக இருக்க வேண்டும், கடற்கரை மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது. குழைக்கிற தண்ணீரும் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீராக இருக்கட்டும், ஊர்க்கிணற்றுச் சவர்த் தண்ணீர் வேண்டாம். அளவு: சுண்ணாம்பு 1, செங்கல்பொடி 1, மணல் 2. ஈரமான சுவரில் செங்கல்பொடி சேர்ந்தால்தான் சாந்து இறுகும். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சேர்க்கட்டும். "பிடிப்புக்கு ஒரு கை சிமெண்ட்" என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

முதல் பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். நம்மூர் வெயிலில் சாக்கு இல்லாவிட்டால் இரண்டே நாளில் மயிரிழை வெடிப்பு விழும். பிறகு இரண்டாம் பூச்சு 8 மி.மீ. அதன்மேல் பால் பதத்தில் வெள்ளை, நான்கைந்து தடவை. எமல்ஷன், டிஸ்டெம்பர் எதுவும் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டடிச் சுவர் முழுதாகக் காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே இந்தப் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டு உதிர்வதற்காகப் பூசுவது. ஒன்றிரண்டு வருடத்தில் அடிப்பகுதியைச் சுரண்டித் திரும்பப் பூச வேண்டியிருக்கும். அப்போது "சுண்ணாம்பு வேலை தோற்றுவிட்டது" என்று யாரும் சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வரக் கூடாது. பூச்சு உதிர்ந்தால் கல் பிழைத்தது என்று அர்த்தம்.

சுவரில் கல் இற்றுப்போயிருந்தால் அந்தக் கட்டிடத்திலிருந்தே விழுந்த கல்லைத் திரும்ப வைக்கலாம், இல்லையென்றால் நன்கு வெந்த செங்கல்லைச் சுண்ணாம்பில் வைத்துக் கட்டலாம். கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று பவளக்கல் அள்ளி வந்துவிடாதீர்கள். 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. செத்த கல்லுக்கும் வழக்கு வரும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு நிற்கிற கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை போய் இத்தனை காலம் ஆகியும் அந்தக் கல்லும் சுண்ணாம்பும் நிற்கின்றன. உங்கள் சுவரும் நிற்கும், அதை மூச்சுவிட மட்டும் விடுங்கள்.

இன்னொன்று. அந்தோணியார் பீடத்தடியில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டுதல் செய்கிறார்களா? அந்த உப்பு தரையிலும் பீடத்திலும் நேரடியாகக் கிடந்தால் மழைக்காலத்தில் கசிந்து சுவருக்குள் இறங்கும். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் வைத்து, செவ்வாய் நவநாள் முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 2: பந்தல்_பொறுப்பு

கொடிக்கம்பத்தை முதலில் பாருங்கள், ஏனென்றால் அது ஆள்மேல் விழும். கம்பமும் சிமெண்ட் மேடையும் சேர்கிற இடத்தில் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தையாகக் கேட்டாலோ, செதில் உதிர்ந்தாலோ பெயிண்ட் அடித்து ஏமாறாதீர்கள், மாற்றிவிடுங்கள். மேடை மட்டமாக இருப்பதால் கழுத்தில் தண்ணீர் தங்குகிறது, அதனால்தான் அங்கேயே அரிக்கிறது. புதிதாக வைக்கும்போது மேடையை வெளிப்பக்கம் சரிவாக முடியுங்கள். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த குழாய், குறைந்தது 4 மி.மீ. கனம். அடியில் இரண்டு போல்ட்டில் சாய்கிற மாதிரி பிளேட் வைத்தால் வருடம் ஒருமுறை படுக்கவைத்துத் துரு பார்க்கலாம். மணல் தரை என்பதால் 30 அடிக் கம்பத்துக்கு ஐந்தடி ஆழம், மூன்றடிச் சதுரத்துக்குக் குறையாமல் கான்கிரீட் வேண்டும்.

ஜூன் மாதம் தென்கடலில் கச்சான் உச்சத்தில் இருக்கும். கொடியேற்றத்தன்று பெரிய கொடியை ஏற்றுங்கள், மறுநாள் காலையில் இறக்கிவிட்டுச் சின்னதை ஏற்றிவிடுங்கள். பத்து நாளும் பெரிய கொடி அடித்துக்கொண்டே இருந்தால் கம்பத்தின் கழுத்துதான் வாங்கும். கப்பி பித்தளையோ எவர்சில்வரோ இருக்கட்டும். கயிறு வலைக்கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் 10 மி.மீ. போதும். பச்சை பிளாஸ்டிக் கயிறு வெயிலில் மாவாகிவிடும், கொடி பாதி ஏறும்போது அறுந்து மானம் போகும்.

மின்கம்பி விஷயத்தில் சமாதானமே கூடாது. 2025 மார்ச் தொடக்கத்தில் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் கோயில் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி உயர்மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடத்தில்தான் கம்பம் நிற்க வேண்டும். சப்பரம் போகிற தெருக்களில் ஒரு வாரம் முன்பே நடந்து, கம்பி எங்கே தாழ்ந்து தொங்குகிறது என்று குறித்து, மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு நேரம், தெரு வாரியாக மனு கொடுங்கள். பவனி நேரத்தில் சப்ளையை நிறுத்தித் தருவார்கள். ஏணி என்றால் மூங்கில் ஏணி மட்டும்.

சப்பரத்துக்கு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துப் போவதை விட்டுவிடுங்கள். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையும் ஒரு பேட்டரியும் சப்பரத்துக்குள்ளேயே வைத்தால் வயரே இல்லை, ஆபத்தும் இல்லை. மேல்விதானத் துணி பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஆங்காங்கே கீறிவிடுங்கள், அல்லது வலைத்துணி கட்டுங்கள். மிக்கேல் சம்மனசு (வானதூதர்) சப்பரம் முன்னால், மாதா நடுவில், அந்தோணியார் கடைசி என்றால் மூன்றுக்கும் சேர்த்துத் தூக்குகிறவர்களுக்கு மாற்றாள் பட்டியல் இருக்கட்டும். மாற்றுகிற இடத்தைத் தெருமுனையில் வைக்காதீர்கள், காற்று அங்கேதான் திரும்பும்.

மைக் செட்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பவனி தாமதமாகும் என்று தெரிந்தால் பூசையை அரைமணி முன்னால் வையுங்கள்.

அசனத்துக்கு வருவோம். உங்கள் பருப்பு வேகாததற்குச் சவர்த் தண்ணீர்தான் காரணம். அதில் உள்ள சுண்ணச் சத்து பருப்பை இறுக்கிவிடும், எத்தனை மணி நேரம் எரித்தாலும் மலராது. பருப்புக்கும் சோற்றுக்கும் காவிரித் தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீரை அண்டா கழுவவும் கை கழுவவும் வையுங்கள். உப்பையும் புளியையும் பருப்பு மலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும்.

600 பேருக்கு அரிசி 75 கிலோ, கிலோவுக்கு எட்டுப் பேர் கணக்கு. குழம்புக்கு ஆட்டுக்கறி 65 கிலோ. கறி சாப்பிடாதவர்களுக்கும், வேண்டுதலுக்கு வருகிற மற்றச் சமயத்தாருக்கும் தனி அடுப்பில் சாம்பார். 150 பேருக்கு என்றால் துவரம்பருப்பு 6 கிலோ. கரண்டியும் தனி, பரிமாறுகிறவரும் தனி. நம்பி வந்து உட்கார்கிறவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை அது. மீன் போடலாமா என்று கேட்பார்கள். ஜூன் வெயிலில் சூரை, கானாங்கெளுத்தி வகை ஐஸில்லாமல் சில மணி நேரம் இருந்தாலே உடம்பு தடித்து அரிக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கூட்டச் சமையலுக்கு வேண்டாம்.

சோற்றை ஒரே அண்டாவில் போடாதீர்கள். அண்டாவுக்கு 15 கிலோ, ஐந்து அண்டா, அரைமணி இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏற்றினால் கடைசிப் பந்திக்கும் சூடாக வரும். எல்லாவற்றையும் பத்து மணிக்கே வடித்துவிட்டால் ஒரு மணிக்கு அடிச்சோறு நொசநொசக்கும். தண்ணீர் 6,000 லிட்டர் லாரி ஒன்று முதல் நாள் மாலையே வந்து நிற்கட்டும். அடுப்புக்குச் சீமைக்கருவேலம் போதும், ஆனால் போன வாரம் வெட்டியது புகையும். அடுப்பு பந்தலுக்கு வடகிழக்கே இருக்க வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் பொறி பந்தல் பக்கம் வராது. அடுப்பின் தென்மேற்கில் தகரத் தடுப்பு ஆள் உயரம்.

பணம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். உங்கள் திருவிழா அதன் கடைசி நாளுக்கு முந்தின நாள் வருகிறது. மே மாதத்தில் தலைக்கட்டு வரி கேட்டால் வீட்டில் என்ன இருக்கும்? அக்டோபர், ஜனவரி, மார்ச் என மூன்று தவணையாக வாங்குங்கள். மீன் ஏலத்தில் கோயிலுக்கெனப் பிடிக்கிற மகமையிலும் ஒரு பங்கை மாதாமாதம் திருவிழாக் கணக்கில் ஒதுக்குங்கள். வாணவேடிக்கைக்கும் கச்சேரிக்கும் போகிற பணத்தில் பாதி இந்த வருடம் சுவருக்குப் போகட்டும் என்பது என் கருத்து. அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதில் 3: லிங்கன்ஷயர்_தமிழ்

"வேறு இடங்களில் என்ன முறை" என்று கேட்டதால் இங்கிலாந்துக் கிராமங்களில் நடப்பதைச் சொல்கிறேன். இங்கும் ஒரே குருவானவர் ஐந்தாறு, சில இடங்களில் பத்துக்கு மேற்பட்ட ஊர்க் கோயில்களைப் பார்க்கிறார். கூட்டம் உங்களைவிடக் குறைவு. ஆனாலும் கோயில் பூட்டாமல் ஓடுகிறதென்றால் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருப்பதால்தான்.

மெதடிஸ்ட் சபையாரின் சிற்றாலயங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று மாதப் பட்டியல். பல சிற்றாலயங்கள் சேர்ந்தது ஒரு வட்டாரம். ஒரு தாளில் இடப்பக்கம் ஆலயங்களின் பெயர், மேலே மூன்று மாத ஞாயிறுகளின் தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் அன்று யார் நடத்துகிறார் என்ற பெயர். பெரும்பாலான ஞாயிறுகளில் நடத்துவது போதகர் அல்ல, பயிற்சி பெற்று அங்கீகாரம் பெற்ற, சம்பளம் வாங்காத உள்ளூர் ஆள்கள்தான். திருவிருந்து உள்ள ஞாயிறு மட்டும் போதகருக்கு ஒதுக்கப்படும். அந்தத் தாள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இதை அப்படியே பொருத்தலாம். பூசை இல்லாத ஞாயிறு ஒன்றில் இறைவார்த்தை வழிபாடு, நற்கருணைப் பணியாளர் இருந்தால் நற்கருணையோடு. இன்னொன்றில் மறைக்கல்விப் பிள்ளைகள் நடத்தும் வழிபாடு. யார் வாசகம், யார் பாடல், யார் மன்றாட்டு என்று மூன்று மாதத்துக்குச் சாமியாரிடம் ஒப்புதல் வாங்கி அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள். பெயர் அச்சில் வந்துவிட்டால் ஆள் வந்துவிடுவார்.

ஆங்கிலிக்கன் பங்குகளில் பொறுப்பு இரண்டு கோயில் காப்பாளர்களிடம் இருக்கும். வருடந்தோறும் தேர்தல், மே 31-க்குள் நடந்தாக வேண்டும். கூட்டம் வேறு முடிவெடுக்காவிட்டால் தொடர்ந்து ஆறு தடவைக்கு மேல் ஒருவரே இருக்க முடியாது. கோயிலுக்கு வராதவரானாலும், அந்தப் பங்கு எல்லைக்குள் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருந்தால் இந்தத் தேர்தலில் வாக்குண்டு. ஊர்ப் பொதுச்சொத்து என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கணக்கு தணிக்கை முடிந்து, ஆண்டுக் கூட்டத்துக்கு முன் குறைந்தது ஏழு நாள், அதில் ஒரு ஞாயிறு சேரும்படி, கோயில் கதவில் அல்லது கதவருகே ஒட்டியிருக்க வேண்டும். திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறே நீங்களும் கதவில் ஒட்டுங்கள். திருவிழாக் கணக்கு ஒரு தாள், கட்டிடக் கணக்கு வேறு தாள். உண்டியல் எண்ணும்போது உறவில்லாத இரண்டு பேர், அங்கேயே கையெழுத்து.

கட்டிடத்துக்கு 1955 சட்டத்திலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டிடக் கலைஞர் வந்து கூரை, சுவர், வடிகால், மின்சாரம், இடிதாங்கி எல்லாம் பார்த்து, உடனே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, ஐந்து வருடத்துக்குள் செய்ய வேண்டியது என்று பிரித்து அறிக்கை தருவார். இடைப்பட்ட வருடங்களில் காப்பாளர்களே சுற்றிப் பார்க்க வேண்டும். அதோடு ஒரு நோட்டு உண்டு. எந்தத் தேதியில் எந்த வேலை, யார் செய்தார், என்ன பொருள் போட்டார் என்று எழுதுவார்கள். இங்கேயும் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் முந்தின தலைமுறை சிமெண்ட் பூசி அதே நோய் வந்திருக்கிறது. எந்த வருடம் எங்கே பூசினார்கள் என்பது அந்த நோட்டில் இருப்பதால் தேடித் தட்ட வேண்டியதில்லை. சாதாரண நோட்டுப் புத்தகம் போதும், இன்றைக்கே தொடங்கலாம்.

பூவும் துடைப்பமும்கூடப் பட்டியலில் இருக்கும். கோயில் கதவருகே மாத நாட்காட்டி, ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு பெயர். ஒருவர் வராவிட்டால் தாமே மாற்றாள் பிடித்துப் பெயரை அடித்து எழுதுவார், காப்பாளருக்குத் தகவல் சொல்லக்கூடத் தேவையில்லை.

அறுவடை நன்றி வழிபாடு இங்கே இப்போதுள்ள வடிவத்தில் பரவியது கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் 1843-இல் தொடங்கியதிலிருந்து. மீன்பிடி ஊர்களில் கோதுமைக் கதிருக்குப் பதிலாக வலையும் மிதவையும் கட்டிக் கடல் அறுவடை வழிபாடு வைப்பார்கள். உங்களுக்குத் தடைக்காலம் முடிந்து முதல் மீன்பாடு வரும் வாரம் அதற்குப் பொருத்தமாக இருக்கும். சாமியார் வராத ஞாயிறாக இருந்தாலும் கூட்டம் வரும்.

பதில் 4: அன்பியம்_அக்கா

பட்டியல் நல்ல யோசனை தம்பி. ஆனால் நாளைப் பார்த்துப் போடுங்க. தென்கடல் ஊர்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போறது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுற நாள்களில். அந்த வாரம் அன்பியக் (பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்த செபக் குழு) கூட்டத்தையும் கோயில் கழுவுறதையும் வச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க, அப்புறம் "பெண்களுக்கு ஆர்வமில்லை"ன்னு பேச்சு வரும். காலண்டரில் அந்த நாள்களை முதல்ல கோடு போட்டுட்டு மிச்ச நாளில் பெயர் எழுதுங்க. படகுக்குப் போற ஆம்பிளைகளுக்கும் அதே மாதிரி அவங்க கடலுக்குப் போகாத நாள் பாத்துப் போடுங்க.

துடைக்கிறதுக்கும் பாத்திரம் கழுவுறதுக்கும் மட்டும் பெண்கள் பெயர், கணக்குக்கும் உண்டியலுக்கும் ஆண்கள் பெயர்னு பிரிக்காதீங்க. சுய உதவிக் குழுவில் வாரா வாரம் கணக்கு எழுதுற பெண்கள் உங்க ஊர்லயும் இருப்பாங்க. திருவிழாக் கணக்கை அவங்ககிட்ட கொடுங்க, கதவில் ஒட்டுற தாள் சுத்தமா வரும்.

கோயில் தரையை வாளித் தண்ணீர் ஊத்திக் கழுவுறதை நிறுத்துங்க. சுவரடியில் அந்தத் தண்ணீர்தான் நிக்குது. பிழிஞ்ச மாப்பு போதும்.

தென்கடல்_கிளை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஜல்லி வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். இரண்டு சந்தேகம். ஒன்று, டைல்ஸ் ஊரில் ஒரு குடும்பம் இறந்த பெரியவர் நினைவாக உபயமாகக் கொடுத்தது, சுவரில் பெயர்க்கல்லும் இருக்கிறது. எடுத்தால் மனத்தாங்கல் வரும். இரண்டு, இப்போது எடுத்தால் ஜூன் திருவிழாவுக்குச் சுவர் தயாராகுமா?

அன்பியம்_அக்கா

பொதுக்கூட்டத்தில் வச்சு முதல் தடவையா அதைச் சொல்லாதீங்க, அவங்களுக்கு அவமானமாப் போகும். உபதேசியாரும் ஊர்த்தலைவரும் அவங்க வீட்டுக்குப் போய், சுவரோட நிலையை போட்டோ எடுத்துக் காட்டிப் பேசணும். டைல்ஸை உடைக்காம எவ்வளவு எடுக்க முடியுதோ எடுத்து, அசனக் கூடத்தில் கை கழுவுற மேடைக்கு ஒட்டி, பெயர்க்கல்லையும் அங்கேயே வைக்கிறோம்னு சொல்லுங்க. பெரியவர் பெயரில் ஒரு பூசை வச்சு அன்னைக்கே மாத்துங்க. அவங்க சம்மதிச்ச பிறகு கூட்டத்தில் அறிவிச்சா நன்றி சொல்ற மாதிரி முடியும்.

லிங்கன்ஷயர்_தமிழ்

இங்கே கோயிலில் சின்னச் சின்ன வேலைகள் தவிர எதையும் பொருத்துவதற்கோ மாற்றுவதற்கோ மறைமாவட்டத்திடம் முன்அனுமதி வேண்டும், தானமாக வந்த பொருளானாலும் சரி. உங்கள் பங்குப் பேரவையும் ஒரு தீர்மானம் எழுதிவிடலாம்: உபயம் கோயிலுக்கு, எங்கே எப்படி வைப்பது என்பதைப் பேரவையும் பங்குத்தந்தையும் முடிவு செய்வார்கள், பெயர்கள் ஒரே பலகையில் மட்டும். இனி வருகிற கிரானைட், கண்ணாடிக் கதவு, ஏ.சி. எல்லாவற்றுக்கும் அது உதவும்.

சுண்ணாம்பு_வேலை

ஜூனுக்குள் நான்கு சுவரும் முடியாது, அவசரப்படுத்தவும் வேண்டாம். பொங்கல் முடிந்துவிட்டது. சுண்ணாம்பை இந்த வாரம் நீற்றிப் போடுங்கள். பீடத்துக்குப் பின்சுவரை மட்டும் இப்போது தட்டி, மார்ச் கடைசி வரை ஜன்னல் திறந்து காயவிட்டு, ஏப்ரலில் பூசுங்கள். வெள்ளை அடிக்க மே முழுதும் இருக்கிறது. மற்ற மூன்று சுவரிலும் டைல்ஸையும் சிமெண்டையும் எடுத்துவிட்டுக் கல்லை அப்படியே விடுங்கள், திருவிழாவுக்கு வெறும் கல் தெரிந்தால் குறையொன்றுமில்லை. தோரணத் துணி கட்டுவதானால் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். திருவிழா முடிந்ததும் கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்தச் சுவர்கள் உள்ளுக்குள் நன்றாகக் காயும். வாடை மழை முடிந்து அடுத்த ஜனவரியில் உப்பைத் தட்டிவிட்டு அந்த மூன்றையும் பூசலாம். நீற்றிய சுண்ணாம்பு மிச்சமிருந்தால் தொட்டியில் தண்ணீர் வற்றாமல் மூடி வையுங்கள், ஒரு வருடம் ஊறியது இன்னும் நன்றாக இழையும்.